ஆரோக்கியம் அண்ணன் பாஸ் செய்த கேம்கள்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, குன்னூரில், அவர் வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

இன்று அடக்கம் முடிந்து இப்போதுதான் ஊட்டியில் காந்தலில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கால் வலி. டைப் பண்ணக்கூட அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஃபேக்டரி நண்பர்களுக்கு அவரைத் தெரியும். நான் புரொடக்ஷன், அவர் இன்ஸ்பெக்ஷன். நாங்கள் செய்து அனுப்புவதை ரிஜெக்ட் செய்வதற்கென்றே பிறந்த மனிதர்.

சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். காரணம் கேட்டால், "பீஸ் கிட்டயே கேளுங்க மோகன்" என்பார். எத்தனை நாள் அந்த ஆளை மனதுக்குள் திட்டியிருக்கிறேன் தெரியுமா...

அண்ணன் ரிட்டயர் ஆனபின் அவர் மனைவி தெரசா அக்கா தவறிப்போனார். மகள் ஜெனிபா பெங்களூரில். அந்த வருடம்தான் அண்ணனுக்கு இந்த வீடியோ கேம் பைத்தியம் பிடித்தது.

பழைய பீரோவின் பிளைவுட்டை அறுத்து, அந்தக் காலத்துக் கேம் கடைகளில் இருந்ததைப் போலவே, நின்றுகொண்டு ஆடும் ஒரு பெட்டி செய்தார். இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு ஆறு பட்டன், உள்ளே மகளின் பழைய கம்ப்யூட்டர். பனியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு ஜீரோ வாட் பல்பும் எரியும்.

கேம் தேடி ஏற்றுவது என் வேலை. பாஸ் போடுவது அவர் வேலை. விதி யாரை விட்டது!

ஆடுவதற்குக் கீபோர்டு வேண்டுமென்றால் ரிஜெக்ட். எழுத்து பொடியாக இருந்தால் ரிஜெக்ட், எங்கள் எல்லோருக்கும் கண்ணில் புரை. தேறிய கேமையும் மூன்று வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்த பிறகுதான் பாஸ்.

முக்கியமான விதி, இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். மாறி மாறி ஆடுவதும் கூடாது.

"ஒருத்தர் ஆட, இன்னொருத்தர் வேடிக்கை பாக்கறதுக்கு எதுக்குங்க இது? அதுக்குத்தான் டிவி இருக்குதுல்ல?"

நாற்பது கேம் கொண்டுபோனேன். ஒன்பது தேறியது.

எனக்குப் பிடித்த ஏரோப்ளேன் கேம் ஒன்று உண்டு. ஒற்றை ஆள் ஆட்டம். முதல் நாளே ரிஜெக்ட் ஆகிவிட்டது.

புரொடக்ஷன்காரன் புத்தி எங்கே போகும்? அவர் டீ போட உள்ளே போனபோது, பாஸ் ஆனவற்றோடு அதையும் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரமே பிடித்துவிட்டார்.

"ஏனுங்க மோகன், ரிஜெக்ட் ஆன பீஸ பாஸான லாட்ல தள்ளிவுடற பழக்கம் இன்னும் போகலீங்களா?"

எங்களோடு ஆட வரும் ஃபேக்டரி நண்பர்கள் பாஸ்கரும் ராஜனும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். என் கண் முன்னாலேயே அதை டெலீட் செய்தார்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. சர்ச் முடிந்து அவர் வந்ததும் நாங்கள் மூவரும் போவோம்.

பிறகு பாஸ்கர் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டான். ராஜனுக்கு முட்டி ஆபரேஷன். எனக்கு... எனக்கு ஒன்றுமில்லை. அலுப்பு, அவ்வளவுதான். ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்கு எழுபது படி இறங்க வேண்டும். இறங்கினால் ஏற வேண்டுமே என்று உட்கார்ந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அவரே கூப்பிட்டார்.

"மோகன், அந்த ஏரோப்ளேன் கேம் இருக்குதுங்களா? ஏத்திக் குடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏனுங்கண்ணா, பாஸ் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"பாஸுங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்தபடியே, அவர் கம்ப்யூட்டரை நெட் வழியாகத் திறந்து ஏற்றிக் கொடுத்தேன். பத்து நிமிடம். ஒருவழியாக இன்ஸ்பெக்டரை ஜெயித்துவிட்டேன் என்று என் மனைவியிடம் பெருமை வேறு.

ஒற்றை ஆள் ஆடும் கேம் அவருக்கு எதற்கு என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மடையன் நான்.

"ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" என்றார். "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேங்கண்ணா" என்றேன். போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

இன்று கல்லறையிலிருந்து அவர் வீட்டுக்குப் போனோம். ஜெனிபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"வாராவாரம் வந்து அப்பாகூட இருந்தீங்க அங்கிள்... ரொம்ப தேங்க்ஸுங்க. 'இன்னிக்கு மோகன் என்னைய ஜெயிச்சுட்டாரு, பாஸ்கர் சரியா ஆடல'ன்னு போன்ல சொல்லுவாருங்க. அப்பா தனியா இல்லைன்னு நான் நிம்மதியா இருந்தேனுங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்ய?

எல்லோரும் டீ குடிக்கும்போது அந்தக் கேம் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். ஏரோப்ளேன் கேம் முடிந்ததும் மூன்று எழுத்தில் பெயர் கேட்கும். அதிக பாயிண்ட் எடுத்தவர்கள் லிஸ்டைத் திறந்தேன்.

பாஸ்கர் பெயர் இருந்தது. ராஜன் பெயர் இருந்தது. அவர் பெயர் கடைசியில். முதல் இடத்தில் எம், ஓ, எச்... நான்.

அந்தப் பெட்டியில் நான் அந்த கேமை ஒருமுறைகூட ஆடியதில்லை. எங்கள் எல்லோருக்காகவும் அவரே ஆடி, எங்கள் பெயரைப் போட்டிருக்கிறார். முப்பது வருட சர்வீஸில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர்.

ஜெனிபா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யாரும் வரவில்லையம்மா.

போயிட்டு வாங்கண்ணா.