கையெழுத்தில்லாத பெட்டிசம்

புத்தூரில் தண்ணீர் இறைக்கிற மிசின் நின்றுபோனால் மார்க்கண்டுவைத்தான் கூப்பிடுவார்கள். குழாயின் அடியில் குப்பை அடைத்தால் யாராவது கிணற்றுக்குள் இறங்கியாக வேண்டும். அதைத் தவிர்க்க எண்பத்தொன்றாம் ஆண்டில் அவர் குழாயின் அடியில் மாட்டுகிற ஒரு கம்பிக்கூடு செய்தார். மேலே நின்று கயிற்றை இழுத்தால் கூடு கழன்று வரும். கழுவித் திரும்ப இறக்கலாம். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தார்.

எண்பத்தைந்தில் கொக்குவில் இரும்புக்கடைச் செல்வநாயகம் அதே கூட்டுக்குக் கொழும்பில் காப்புரிமை கேட்டிருப்பது தெரியவந்தது. அது கிடைத்துவிட்டால், மார்க்கண்டு தன் கூட்டைத் தானே செய்து விற்க முடியாது.

இரத்தம் கொதித்தது. கொதித்தால் எங்கள் பக்கத்தில் செய்வது ஒன்றுதான்: மொட்டைப் பெட்டிசம், அதாவது பெயர் போடாத புகார்க் கடிதம். கொழும்புக் காப்புரிமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதினார். செல்வநாயகத்தின் தராசு, குடி, தகப்பன் ஒன்றையும் விடவில்லை. கூட்டைப் பற்றி ஒரே வரி. கீழே 'ஊர் நலன் விரும்பி'. தொலையக்கூடாதென்று பதிவுத் தபாலில் போட்டார். அனுப்புபவர் பெயர் வேண்டுமென்றார்கள். யோசிக்காமல் சொந்தப் பெயரை உறையில் எழுதினார்.

பெட்டிசம் அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: கையொப்பமில்லை, விண்ணப்பதாரருக்குப் பிரதி கொடுத்த அத்தாட்சியில்லை, சான்றில்லை, ஆகவே கோப்பில் சேர்க்கவில்லை. முடிவுக்கு முன் முறைப்படி அனுப்பலாம்.

மனைவி பூரணம் சிரித்துவிட்டாள். "பேரில்லாத கடிதத்துக்கு உங்கடை பேருக்கே மறுமொழி வந்திருக்கு!"

"வாயை மூடு! கள்ளனைக் காட்டிக் குடுத்தால் கள்ளனுக்கும் ஒரு பிரதி குடுக்கட்டாம். உவங்களுக்கு விசரோ?"

"கள்ளன் கள்ளனெண்டு எழுதினீங்கள். என்னத்தைக் களவெடுத்தவனெண்டு எழுதினீங்களோ?"

கம்பி வளைக்கிற குறட்டைத் தூக்கி எறிந்தார். கொழும்பின்மேல் கோபம், பூரணத்தின்மேல் கோபம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கோபம் வேறு. களவெடுத்தவன் தன் பெயரைப் போட்டுக் கேட்டிருக்கிறான். செய்தவன் அல்லவா பெயரை ஒளித்திருக்கிறான்!

மறுபடி எழுதினார். இம்முறை தராசும் இல்லை, தகப்பனும் இல்லை. கூட்டின் படம், எண்பத்தொன்றிலிருந்து அதைப் பாவிக்கும் தோட்டக்காரர்களின் வாக்குமூலங்கள், கடைசியில் முழுப் பெயர். பிரதியோடு சைக்கிளில் கொக்குவிலுக்குப் போனார்.

"உதென்ன, மார்க்கண்டண்ணை?"

"உமக்கெதிராய்க் கொழும்புக்கு எழுதினது."

செல்வநாயகம் பழக்கதோஷத்தில், கீழே பெயர் இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். முகம் கறுத்தது.

"ஓம், என்ரை பேர்தான். வாங்கினதெண்டு இதிலை நீரும் ஒரு கையெழுத்து வையும்."

செல்வநாயகம் மேசையில் பேனையைத் தேடுவதுபோல் துழாவினார். மார்க்கண்டு தன் பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினார்.