அண்ணனுக்கு விழுந்த வெள்ளைச் சீட்டுகள்

தெய்வமாகிவிட்ட எங்கள் அண்ணன் அவர்களின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் உடன்பிறந்த தங்கை எழுதிக்கொள்வது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாக ஸ்ரீரங்கத்து அச்சகத்துக்காரர் சொன்னார். பிழையோடு சேர்த்து விஷயத்தையும் திருத்திவிடுவாரோ என்ற கவலையில் இரண்டு முறை போய்ப் பார்த்து வந்தேன்.

அண்ணன் பிறந்தது ஜீயபுரத்துக்குத் தெற்கே, பெரிய வாய்க்காலின் தென்கரையில் உள்ள எங்கள் சிற்றூரில். தகப்பனார் காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நாலு. வாழைக் கொல்லையையும் என்னையும் அவரே வளர்த்தார். ரோடு, ரயிலடி, ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாம் வாய்க்காலுக்கு வடகரையில். இரண்டு பனைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். ஓர் ஐப்பசியில் அண்ணிக்குப் பிரசவ வலி கண்டபோது வெள்ளம் அந்தப் பனைமரங்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் வடியும்வரை வலி காத்திருக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போனார்கள்.

அண்ணன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாலம் கேட்டு மனு எழுதத் தொடங்கினார். எதற்கும் பதில் வரவில்லை. முதல் பொதுத்தேர்தல் வந்தபோது, "மனு வாங்குற எடத்துல நாமளே போய் உட்காந்துட்டா என்ன?" என்று சொல்லிச் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். சின்னம் ஏணி.

அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். கொடுத்த சீட்டை நம் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டார். எனக்கு ஒரே பயம். சீட்டில் ஏதாவது பட்டு, செல்லாமல் போய்விட்டால்? மஞ்சள் கை படக் கூடாது, வெற்றிலைச் சாறு படக் கூடாது, விரலில் வைக்கும் மை படக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னேன். சாவடிக்குப் போகும் வழியில் ஈரத்துணியோடு நின்று ஒவ்வொருத்தி கையையும் துடைத்து அனுப்பினேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இப்படிக் கையைப் புடிச்சுப் பாக்கலடி" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்தார்.

முதல் தேர்தலில் அண்ணன் மூன்றாவதாக வந்தார். அடுத்ததிலும் அதே பெட்டி, அதே ஈரத்துணி. இரண்டாவதாக வந்தார். "ஏணி வச்சாலும் எட்டாது" என்று பங்காளிகள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையிலும் இன்று இந்த நினைவு மலர் இருக்கிறது. பெயரெல்லாம் போட வேண்டாம் என்றுதான் அண்ணன் சொல்லியிருப்பார். போடவில்லை.

மூன்றாம் தேர்தலில் முறை மாறிவிட்டது. எல்லாருக்கும் ஒரே பெட்டி. எல்லாச் சின்னமும் ஒரே தாளில் இருக்கும். நம் சின்னத்தின் மேல் முத்திரை குத்தி, மடித்துப் போட வேண்டும். அண்ணன் ஒரு தாளில் ஏணி வரைந்து, கத்தரிக்காய்க் காம்பை மையில் தொட்டுக் குத்திக் காட்டி என்னை அனுப்பினார். நானும் வீடு வீடாகக் குத்திக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மை அப்பிக்கொண்டால் செல்லாது, பக்கத்துக் கட்டத்தில் பட்டாலும் செல்லாது, ஜாக்கிரதை என்று கூடவே சொன்னேன். அப்படிச் சொல்லாத வீடு ஒன்றுகூட இல்லை.

வாக்கு எண்ணிவிட்டுத் திருச்சியிலிருந்து வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பொம்பளைங்ககிட்ட என்னம்மா சொன்ன?"

சொன்னேன்.

"நம்ம ஊரு பெட்டியில ஒரு கத்தை சீட்டு வெறும் வெள்ளையா வந்துச்சு. ஒரு அழுக்கு இல்ல, கசங்கல் இல்ல. ஆபீசர் ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி, செல்லாது, செல்லாதுன்னு எடுத்து வச்சாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சும்மா."

தோற்ற வித்தியாசம் அந்தக் கத்தையைவிடச் சிறியது.

அத்தையிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "நீதானேடி பயமுறுத்துன? எதுக்கு வம்புன்னு மனசுல ஏணிய நெனச்சுக்கிட்டு அப்படியே மடிச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

பங்காளிகள் விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்ததில் தன் மேல்தான் பிசகு என்று அண்ணன் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு 'செல்லாது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில், "செல்லாது வர்றாரு, நகந்து உக்காருங்கப்பா" என்பார்கள். கல்யாணப் பந்தியிலும் அதே பேச்சு. நான் பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறேன். உண்மை தெரிந்தால் புகுந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

நாலாவது தேர்தலுக்கு நிற்கலாம் என்று அண்ணன் விசாரிக்கப் போனபோது எங்கள் தொகுதியே இல்லை. எல்லையை மாற்றி, பேரையும் எடுத்துவிட்டார்கள். வாய்க்காலுக்கு வடக்கே ஒரு தொகுதி, தெற்கே ஒரு தொகுதி. ஜெயித்த இரண்டு பேரிடமும் அண்ணன் மனுவோடு நடந்தார். பாலம் அவருடைய பக்கம் என்று இவர் சொன்னார், இவருடைய பக்கம் என்று அவர் சொன்னார்.

போன ஐப்பசியில் நெஞ்சு வலி என்று படுத்தார். நாலு நாள். "அண்ணே, நடந்ததை எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லி என்னம்மா ஆவப்போவுது? தொகுதியே இல்ல" என்றார்.

அவர் போன அன்று வாய்க்காலில் வெள்ளம். பாடை கடக்கும்வரை, மறுபடி போட்டிருந்த பனைமரம் உருளாமல் கழுத்தளவு தண்ணீரில் நின்று தாங்கிப் பிடித்த நாலு பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இரண்டு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் மாலை அனுப்பியிருந்தார்கள். இரண்டும் வடகரையிலேயே காத்திருந்தன. அவர்களுக்கும் நன்றி. மனதில் ஏணியை நினைத்துக்கொண்டு வெள்ளைச் சீட்டுப் போட்ட என் ஊர்ப் பெண்களுக்கு நன்றி. அத்தனையும் அண்ணனுக்கு விழுந்த ஓட்டு.

ஆகையால் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'செல்லாது' என்ற அந்தப் பெயர் அண்ணனுடையது அல்ல. பழக்கத்தில் வாயில் வந்தால் என்னைப் பார்த்துக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.