அளவுக்கு மேல் ஒரு கால் சுற்று

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். சித்தப்பா ஓட்டும் வாடகைக் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றித் தருவதாகச் சொல்லி, செந்துறையில் அவருக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தேன். ஒவ்வொரு பிளக்கையும் முதலில் கையால் திருகி உட்கார வைத்தேன். பிறகு, இவ்வளவு இறுக்கம் போதும் என்று அளவு வைத்த டார்க் ரெஞ்ச்சில், 'டிக்' என்று சத்தம் வரும்வரை மட்டும் இறுக்கினேன்.

நான்காவது பிளக்கும் முடிந்தபோது மெக்கானிக் சிரித்தார். "பொம்பளப் புள்ள கை, அவ்ளோதான் இறுகும். ஒங்க சித்தப்பாவுக்கு நடுவழியில கழண்டுக்கப் போவுது!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவருடைய பிளக் ஸ்பானரை வாங்கி அந்த நான்காவது பிளக்கை இன்னும் கால் சுற்று திருப்பினேன். சட்டென்று பிடிமானம் போய், பிளக் சும்மா சுற்றியது. இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடிக்கும் மரை அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க முடியாது.

மறுநாள் காலை சித்தப்பாவுக்குத் திருச்சி சவாரி இருந்தது.

"வேற வண்டி பாத்துக்கச் சொல்லிர்றேன், விடும்மா" என்றார் சித்தப்பா, நான் நடந்ததைச் சொன்னதும். "நீ செஞ்சா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

அந்த மெக்கானிக் மேல் இன்றும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவருக்கு அளவு தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தவள் எதற்காக அவரிடம் நிரூபிக்கப் போனேன்? என் மேலேயே உள்ள அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.