நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு

போன வாரம் தர்மபுரியில் எனக்குப் பயிற்சி. தலை நரைத்த பிறகு என்ன பயிற்சி என்று கேட்காதீர்கள். பொம்மையை வைத்து நர்சுகளுக்குப் பிரசவம் பார்க்கப் பாடம் எடுக்கிற எங்களுக்கே, எப்படிப் பாடம் எடுப்பது என்று சொல்லித் தருகிறார்கள். புதுப் பொம்மையின் பெட்டியைத் திறந்ததும் ரப்பரும் பவுடரும் கலந்த வாசனை. கண் சிமிட்டுகிறாள், மூச்சு விடுகிறாள், ரத்தம்கூடக் கொட்டுகிறாள் மகராசி. ஒத்திகையில் ஓர் இளம் நர்ஸ் நிமிர்ந்து நின்று, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டதாக, "நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு மேடம்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கை தட்டவில்லை. "போன் எங்கம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது போல, அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

அந்த ரப்பர் வாசனை இருக்கிறதே, அது என்னை ஏரியூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். எங்கள் பொம்மைக்கு இடுப்பும் தொடையும் மட்டும்தான். பென்னாகரத்திலிருந்து அதைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தேன். போர்வை நழுவியதும் பக்கத்து சீட்டு அம்மா எழுந்து முன்னால் போய்விட்டார். "இதுக்கு அரை டிக்கெட்டுங்களா, முழு டிக்கெட்டுங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். நானும் அசடு மாதிரி, "தலை இல்லீங்களே" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ரத்தத்துக்குக் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர். அந்தச் சிவப்பு நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது, சோறு பிசையும்போதெல்லாம் உறுத்தும். ஆக்சிஜன், ஊசி மருந்து, வண்டி எதுவும் பயிற்சிக்குக் கிடையாது. அதனால் இல்லாததை வாயால் சொன்னால் போதும். "ஆக்சிஜன் வெச்சாச்சு." "நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு." சொன்னால் மார்க். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

எங்களில் பெரிய வாய் காந்திமதியக்காவுக்கு. எனக்கு மூத்த நர்ஸ், கடத்தூர்க்காரர். அவர் பேசினால் ரோட்டில் போகிற ஆடு நின்று திரும்பிப் பார்க்கும். ஒத்திகையில் எப்போதும் அக்காதான் முதல். எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

மாதம்மாவுக்கு அது இரண்டாவது பிரசவம். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான், மாமியார்தான் கூட வந்திருந்தார். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அது அழுதது, நாங்கள் சிரித்தோம். அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். பொம்மையிடம் பழகிய கை அக்காவுக்கு. ஊசி போட்டார், வயிற்றைத் தேய்த்தார், டிரிப் ஏற்றினார். ஒவ்வொன்றையும் பழக்கப்படி உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தார். அந்த வரிசையிலேயே "நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு" என்பதும் வந்தது. அறையைச் சுத்தம் செய்யும் ஆயாம்மா போன் செய்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் செய்திருப்பேன் என்று அவர் நினைத்தார்.

வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். "குளுருதுங்கக்கா" என்றாள் மாதம்மா. அப்புறம் பேசவில்லை. "யாரு போன் பண்ணுனீங்க?" என்று அக்கா திரும்பினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் போன் போனது. வண்டி சீக்கிரமாகவே வந்தது, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் மாதம்மா போய்விட்டாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் என்ன ஊசி, எவ்வளவு என்று கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வாரப் பயிற்சியில், ஒத்திகை முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று முதலில் கேட்க வேண்டுமென்று பாடம் நடத்தினார்கள். பொம்மை செத்தால் கேட்க வேண்டுமாம். அன்றைக்குக் காந்திமதியக்காவிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. அவரே தரையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறினார்.

மாதம்மாவின் காரியம் முடிந்ததும் அக்கா அவள் வீட்டுக்குக் கிளம்பினார். "அவங்க வூட்டுக்கெல்லாம் போவாதீங்க சிஸ்டர், யாருக்கும் தெரியாதே" என்று ஆயாம்மா தடுத்தார். "எனக்குத் தெரியுமில்ல" என்றார் அக்கா. நானும் கூடப் போனேன். மாமியார் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். வண்டியைக் கூப்பிடாமலே கூப்பிட்டதாகச் சொன்னதை அக்கா மறைக்காமல் சொன்னார். மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"எங்கூரு ஜீப்பு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுச்சுங்க. சொல்லியாச்சுன்னு நீங்க உள்ள சொன்னது கேட்டுச்சு. பெரிய வண்டி வருதே, நீ போப்பான்னு நாந்தான் அனுப்பிட்டேன்."

 கொஞ்ச நாளில் அக்கா வேலையை விட்டார், ஓசூரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. அந்த ஊர்ப் பெண்கள் எங்களிடம் பிரசவத்துக்கு வருவது நின்றது. அப்புறம் பிரசவக் கட்டிலையே தர்மபுரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த அறையையும் இடித்துவிட்டார்கள். மாதம்மாவின் மகள் வளர்ந்து வந்து, எங்கம்மா என்னைப் பெற்ற இடம் எது என்று கேட்டால், காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.