அழுகுணியின் பத்து நாள்

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் ஒரே பெயர்தான், அழுகுணி. பென்சில் முனை ஒடிந்தால் அழுவாள், அடுத்த வீட்டுப் பூனை காணாமல் போனால் அழுவாள். அரை வாளி தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். "இவளக் கட்டிக்கிறவன் கைக்குட்டையோடதான் அலையணும்" என்று அம்மா கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவள்தான் இருபத்திரண்டு வயதில், வேலை பார்த்த அச்சகத்தில் அரசாங்கத்துக்குப் பிடிக்காத துண்டறிக்கை ஒன்றை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, தேடப்படுகிறவர்கள் பட்டியலில் பெயர் ஏறி, கட்டிய துணியோடு எல்லை தாண்டினாள். விதி யாரை விட்டது!

போன இடத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. முதல் ஒரு வருடம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒருநாள் மேற்பார்வையாளர் கதவைத் தட்டி, "படுத்துக் கெடக்கறவங்க அவங்க வலியப் பாப்பாங்களா, உன் அழுகையக் கேப்பாங்களா?" என்றார். சுருக்கென்று தைத்தது. அன்றோடு நிறுத்தினாள். எண்பது கிலோ ஆளையும் தனியாகப் புரட்டக் கற்றுக்கொண்டாள். கையுறை மாட்டாமல் யாரையும் தொடுவதில்லை. செய்யப்போவதைச் சொல்லாமல் செய்வதில்லை. கூட வேலை செய்தவர்கள் 'இரும்பு' என்று பெயர் வைத்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

பதினாறாம் வருடம் ஆட்சி மாறி, பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். அப்போதே போயிருக்கலாம். லீவு இல்லை, ஆள் பற்றாக்குறை, அடுத்த வருஷம் என்று மூன்று வருடம் தள்ளினாள். போனில்கூடத் தங்கையோடுதான் பேச்சு. உண்மை என்னவென்றால் பயம். அம்மாவின் குரலைக் கேட்டால் மறுபடி அழுகுணி ஆகிவிடுவோமோ என்ற பயம். பாவி மகள்! அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கண் மங்கி, நினைவும் தடுமாறிப் படுத்த பிறகுதான் பத்து நாள் லீவில் ஓடிவந்தாள்.

வந்ததும் கட்டிப்பிடித்து அழுதாளா? அதுதான் இல்லை. படுக்கை விரிப்பு நனைந்திருந்தது கண்ணில் பட்டது. கை தானாகப் பைக்குள் போய்க் கையுறையை எடுத்தது. "இப்ப உங்கள வலது பக்கமா திருப்பப் போறேன், பயப்படாதீங்க." பெற்ற தாயை வாழ்நாளில் முதல் தடவையாக 'நீங்க' போட்டுப் பேசினாள். தங்கை மாற்று விரிப்பை எடுத்து நீட்டினாள்.

"நல்ல கை, நர்ஸம்மா" என்றாள் அம்மா. "சின்னவ தூக்கினா எனக்கு உயிரே போயிரும்."

"அம்மா, நான் பெரியவம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளா? அரை வாளி தண்ணி தூக்கமாட்டா. நீங்க என்னப் பூ மாதிரி தூக்கறீங்க. சும்மா விளையாடாதீங்க."

பழைய கதைகளைச் சொல்லிப் பார்த்தாள். சின்னவள் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று அம்மா அதையும் தள்ளிவிட்டாள்.

"ஒரு தடவ அழுதுதான் தொலையேன்க்கா" என்றாள் தங்கை. "அம்மாவுக்கு அதுதானே உன் அடையாளம்."

முயன்று பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற கதைதான். பத்து நாளும் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினாள். ஒவ்வொரு தடவையும் அம்மா மரியாதையாக நன்றி சொன்னாள். அந்த நன்றிதான் அவளைக் கொன்றது.

கடைசி நாள் காலை. கார் வாசலில் நின்றது. அம்மா தங்கையைக் கூப்பிட்டு, "இந்த நர்ஸம்மாவ விட்டுறாதடி. பெரியவ வந்தா அவளையும் இவங்க பாத்துப்பாங்க. அவளுக்குன்னு யாரு இருக்கா?" என்றாள்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் வந்துவிட்டது, பதினெட்டு வருடத்து அழுகை. "வண்டியத் திருப்புங்கண்ணே!"

"ஃப்ளைட்டு போயிரும்மா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் திருப்பினார்.

மூக்கு ஒழுக உள்ளே ஓடி, வெறுங்கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அழுகுணி! வந்துட்டியாடி?" என்று அவள் கன்னத்தைத் தடவினாள். "ஏண்டி, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இத்தன நாளா இங்க ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. தங்கமான மனுஷி. இப்பத்தான் போனாங்க."