கட்டங்கட்டமாக வந்த கைகள்

காஜாக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை அவள் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. கேட்காத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சட்டையில் பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றித் தைப்பதற்குக் காஜா என்று பெயர். ஒரு நாளைக்கு நூறு சட்டைக்குக் காஜா எடுப்பவள், அதனால் காஜாக்கா.

அவள் மாடியில், நான் கீழே. பதினோரு வருஷப் பழக்கம். அவள் வாசலில் பொத்தானை அழுத்தினால் மணி அடிக்காது. உள்ளே சுவரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கு மினுக்கென்று எரியும். ஊசிமுனையில் கண் இருந்தாலும் கடைக்கண்ணால் அதைப் பிடித்துவிடுவாள். நான் அழுத்தி மூன்று எண்ணுவதற்குள் கதவு திறந்துவிடும். இரண்டு காதும் நன்றாக இருக்கிற என் வீட்டுக்காரர் கதவைத் திறக்க நான் தெருவே கேட்கக் கத்த வேண்டும்.

எல்லோருக்கும் கையாலேயே பெயர் வைத்திருப்பாள். என் வீட்டுக்காரர் என்று சொல்லத் தன் வயிற்றைத் தொப்பை மாதிரி தடவிக் காட்டுவாள். நான் எதற்கெடுத்தாலும் கடவுளே என்று கும்பிடுகிறவள். அதனால் இரண்டு கையையும் கூப்பினால் அது நான். அவளோடு பழகிப் பழகி, சாப்பாடு, வலி, மழை, துணி என்று ஐம்பது அறுபது சொல் எனக்கும் வந்துவிட்டது.

ஆனால் அவளும் அவள் அக்காவும் பேசுவது வேறு. இரண்டு பேருமே பிறவியிலேயே காது கேளாதவர்கள். பள்ளிக்கூடம் போகவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சின்ன வயதில் தாங்களே கையால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். உலகத்தில் அந்தப் பேச்சுக்கு ஆள் இரண்டே பேர்தான். பெரியவள் பெற்ற மகனுக்கே அதில் பாதிதான் தெரியும். அவன் கடல் தாண்டி வேலைக்குப் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கும் நடுவே கடல் வந்துவிட்டது.

போன வருஷம் பெரியவளுக்குக் கண்ணில் திரை விழுந்தது. அறுத்து எடுத்தால் பார்வை வந்துவிடும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் தனக்குத் தெரிந்த அரைகுறைக் கைப்பேச்சில் கண்ணையும் கத்தியையும் காட்டியிருக்கிறான். கண்ணைத் தோண்டப்போகிறார்கள் என்று நினைத்து அவள் அலறிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காது இல்லாதவளுக்குக் கண்தானே காதும்? அதுவும் போனால் என்ன மிச்சம்?

அவளுக்குப் புரியவைக்கக் கூடியவள் ஒருத்திதான். காஜாக்கா. இரண்டு வருஷம் முன்னால் அதே ஆபரேஷனைத் தன் வலது கண்ணில் செய்துகொண்டவள் அவள்.

மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பி, காஜாக்கா வீட்டுக்கு இன்டர்நெட்டும் போட ஏற்பாடு செய்தான். செல்போன் திரையில் பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே பெரிய டிவியில் தங்கையைக் காட்டலாம். இங்கே இரண்டு கையும் முகமும் முழுசாக விழ வேண்டும். கம்பி இல்லாமலே கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டை அனுப்புகிற பெட்டியை மாட்டின முதல் வாரம் அக்காவும் தங்கையும் திரைக்குத் திரை உட்கார்ந்து பேசினார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! பெரியவள் இவள் நரைத்த தலையைக் காட்டிக் கேலி செய்தாள். இவள் அவள் பல் போனதைக் காட்டினாள். ஆபரேஷன் பேச்சை மெதுவாக எடுப்போம், முதலில் அழுதது சிரித்தது எல்லாம் தீரட்டும் என்று காஜாக்கா எனக்குச் சைகை காட்டினாள்.

இரண்டாம் வாரம் பிடித்தது சனியன். பெரியவள் கையைத் தூக்குவாள், பாதியில் நின்றுவிடும். அப்புறம் முகமெல்லாம் கட்டங்கட்டமாக, குறுக்குத்தையல் போட்ட துணி மாதிரி. இங்கிருந்து போகிறதும் அப்படித்தான் என்று மகன் சொன்னான். அவன் குரல் மட்டும் விட்டு விட்டாவது வந்தது. குரல் வந்து அந்த வீட்டில் யாருக்கு என்ன லாபம்?

கம்பெனிக்குப் புகார் சொல்ல வேண்டுமென்றால் ஃபோனில்தான் சொல்ல வேண்டுமாம். நான்தான் பேசினேன்.

"மேடம், வீடியோவ ஆஃப் பண்ணிட்டு வாய்ஸ்ல மட்டும் பேசிப் பாருங்க. நல்லா வரும்" என்றாள் ஃபோனை எடுத்த கம்பெனிப் பெண்.

"அவங்களுக்குக் காது கேக்காதும்மா. கையாலதான் பேசுவாங்க."

"ஓகே மேடம். கனெக்‌ஷன் அவங்க பேர்ல இருக்கு. ஃபோன அவங்ககிட்டக் குடுங்க, அவங்ககிட்டதான் நாங்க பேசணும்."

"நீ பேசு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். அவங்க எப்படிக் கேப்பாங்க?"

கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு, "பெட்டில என்ன லைட் எரியுது மேடம்?" என்றாள்.

பெட்டி மேல் பலகையில், பொத்தான் டப்பாக்களுக்கு நடுவே எங்கேயோ இருந்தது. வயர் அங்கே ஏறிப்போவது தெரியும். என் முட்டிக்கு ஸ்டூல் ஏறத் தோது இல்லை. விளக்கு எரிகிறதா என்று காஜாக்காவைக் கேட்டேன். இல்லவே இல்லை என்று கையை விரித்தாள். கொஞ்சம் பெருமையாகக் காட்டினது மாதிரிகூட இருந்தது. அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

"லைட்டே இல்லியாம்மா."

"அப்ப கரண்ட் போகல மேடம். பிளக்க மாத்துங்க."

மாற்றினோம். அணைத்துப் போட்டோம். பத்து நிமிஷம் விட்டும் போட்டோம். கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தோம், கட்டில்மேல் வைத்தோம், அடுப்படியில்கூட வைத்தோம். காஜாக்கா அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பாள், நான் அதன் கரண்ட் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவள் அந்த வட்டத்தைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, கையைக் கூப்பினாள். உன் சாமியிடம் சொல்லி இதை நிறுத்து என்று அர்த்தம். சொல்லாமலா இருந்தேன்?

லைன்மேன் ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கும், வயசானவர். கீழே சுவரில் இருந்த கம்பெனி டப்பாவைத் திறந்து ஏதோ கருவியை வைத்துப் பார்த்தார்.

"லைன் சுத்தமா இருக்கும்மா. கண்ணாடியாட்டம் இருக்கு. கோளாறு வீட்டுக்குள்ளதான்."

"மேல வந்து பாத்துட்டுப் போங்கண்ணே."

"உள்ள இருக்கறது இன்னொரு ஆளோட வேலை. நான் கம்பத்தோட சரி. பெட்டிய உசரமா வைங்க, போதும்."

"உசரமாத்தான் வச்சிருக்கோம். இன்னும் உசரம்னா கூரையப் பிரிக்கணும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். உள் ஆள் வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் பெரியவள் சம்மதித்தாக வேண்டும். மகன் ஆஸ்பத்திரி அறையிலேயே பெரிய திரை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான். காஜாக்கா காலையிலேயே தலை வாரி, வெளுத்த புடவை கட்டி, கை நன்றாகத் தெரியட்டும் என்று சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு டம்ளரில் அழுக்குத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். அழுக்குப் படிந்த கண்ணாடித் துண்டு ஒன்று, துடைக்கத் துணி. எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தாள்.

திரை வந்தது. பெரியவள் நாற்காலியில். காஜாக்கா தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டி, கண்ணாடித் துண்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அங்கே இவள் படம் உடைந்து நின்றது.

"அத்தை, சித்தியோட கை கட்டங்கட்டமா வருது. ஒண்ணுமே புரியல. இன்னொரு தடவ காட்டச் சொல்லுங்க" என்று மகன் குரல்.

இன்னொரு தடவை காட்டினாள். இன்னும் ஒரு தடவை. இங்கே பெரியவள் விட்டு விட்டுத்தான் தெரிந்தாள், திரைக்குப் பக்கத்தில் வந்தாள். மூக்கு முட்டுகிற அளவுக்கு வந்தாள். கண்ணைக் கசக்கினாள். மறுபடி பார்த்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பிறகு இங்கேயும் படம் நின்றுவிட்டது.

நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கும்பிட்ட கையை இறக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன். முட்டி போனால் போகட்டும். பலகை முழுக்கப் பொத்தான் டப்பா. வயர் போகிற டப்பா ஒன்றுதான். பெரிய பிஸ்கட் டின். மூடியின் ஓரம் நெளித்து வயரை உள்ளே விட்டிருந்தது. திறந்தேன். பெட்டி உள்ளே கொதிக்கிற சட்டி மாதிரி சுட்டது. அதன் நெற்றியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, மினுக்கு மினுக்கு.

காஜாக்கா கீழேயிருந்து பதறிக் கையை ஆட்டினாள். மூடு, மூடு. பிறகு வாசலைக் காட்டினாள், விளக்கைக் காட்டினாள், எழுந்து ஓடிக் கதவைத் திறந்து யாரும் இல்லாததைக் காட்டினாள். மறுபடி உட்கார்ந்து, மறுபடி ஓடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விளக்கு மினுக்கும்போதெல்லாம் வாசலில் ஆள் வந்துவிட்டது என்று எழுந்து எழுந்து ஓடியிருக்கிறாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தகர டின்னில் போட்டு மூடிவிட்டாள். அதனால்தான் விளக்கே இல்லை என்று அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். தகரத்தைத் தாண்டி அது எப்படிப் பேசும்? தினமும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் இருந்தும் என்ன?

பெட்டியை வெளியே எடுத்து டின்மேல் வைத்தேன்.

திரை பளிச்சென்று தெளிந்தது. நாற்காலியின் மரவரிகூடத் தெரிந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மா எழுந்து போயிட்டாங்க அத்தை" என்றான் மகன். இப்போது குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்டது. "கண்ணு மொத்தமாப் போயிருச்சுன்னு நெனச்சுட்டாங்க. சித்தி கையே ஒடஞ்சு ஒடஞ்சு தெரியுது, இனிமே அறுத்து என்ன ஆகப்போகுதுன்னு. டாக்டர் அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு."

"கோளாறு கண்ணுல இல்ல, பெட்டிலதான்னு சொல்லுப்பா!"

"எப்படி அத்தை சொல்றது? அதுக்கு எனக்குக் கை தெரியாதே."

அவன் சொன்னதை நான் காஜாக்காவுக்குக் காட்ட முயன்றேன். கண், அக்கா, இல்லை, போய்விட்டாள். என்னிடம் இருக்கிற ஐம்பது அறுபது சொல்லில் அவ்வளவுதான் வந்தது. அவள் என் கையையே பார்த்தாள். பிறகு திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்துக் கண்ணாடித் துண்டைத் துடைத்துக் காட்டினாள். நிறுத்தாமல் காட்டினாள். நான் தோளைத் தொட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த முறை அந்த டாக்டர் வர ஒரு மாசம் ஆகும். அதில் இருபது நாள் போய்விட்டது. திரை முன்னால் உட்கார் என்றால் பெரியவள் மாட்டேன் என்கிறாளாம். உடைந்த கையைப் பார்க்க அவளுக்குப் பயம். மகன் தன் வீட்டில் திரை முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, எந்நேரமும் அதைத் திறந்தே வைத்திருக்கிறான். இரண்டு தடவை அவள் சுவரைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனதை நாங்கள் பார்த்தோம். காஜாக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கூப்பிடக் குரல் இல்லை, திரும்பிப் பார்க்க அவளுக்குக் காது இல்லை. போய்விட்டாள்.

பெட்டி இப்போது வெளியேதான் இருக்கிறது. விளக்கு நாள் முழுக்க மினுக்குகிறது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் காஜாக்காவின் தலை வாசல் பக்கம் திரும்பிவிடும், அந்த நேரம் பார்த்து அக்கா திரையில் வந்துவிட்டால்? அதனால் கதவைத் திறந்தே போட்டுவிட்டாள். தூசியும் பூனையும் உள்ளே வருகின்றன. வருகிறவர்கள் வரட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் சட்டையும் கண்ணில் நாற்காலியுமாக உட்கார்ந்திருக்கிறாள். நானும் பொத்தானை அழுத்துவதை விட்டுவிட்டேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையான கையைக் கூப்புவதைச் செய்கிறேன்.