தாத்தா தோண்டிய மண்

வேலைக்காகப் பெங்களூர் ரயிலைப் பிடிக்கவேண்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவருக்கு வேறு வேலையே கிடையாது. எங்கள் ஊர்ச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் தங்கம் தோண்டிய தன் தாத்தாவின் பழைய காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பின்புறப் பள்ளத்தை நிரப்பிக் கீரை போடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் சொல்லிவைத்த ஒரு டிராக்டர் மண் வந்து இறங்கியது. அதில் விளையாடிய எங்கள் நான்கு வயது மகள், வாயெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு வந்து நின்றாள்.

"இன்னா மண்ணுங்க இது?" என்று அவரைக் கேட்டேன்.

"சயனைடு மேட்டு மண்ணு. எங்க தாத்தா தோண்டுனது, நம்ம வீட்ல இருக்கட்டுமேன்னுதான்..."

சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. காற்றடித்தால் அந்தத் தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிற ஊரில் பிறந்தவருக்கு இது தெரியாதா? குழந்தையின் வாயைக் கழுவித் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்ததும் அவருடைய காகிதக் கட்டைப் பிரித்துப் படித்தேன். தூசியால் நுரையீரல் கெட்டுப்போனதால் தாத்தாவை வேலையிலிருந்து நிறுத்தியதாக ஒரு தாளில் இருந்தது.

"இத்தினி நாளா இன்னாத்த படிச்சீங்க? உங்க தாத்தா நெஞ்ச அரிச்ச தூசிய கொழந்த வாயில போட்டிருக்கீங்களே!"

மறுநாளே மண்ணை அள்ளவைத்தேன்.

இப்போதெல்லாம் எங்கே அள்ளிய மண் என்று கேட்காமல் எந்த வண்டிக்கும் கேட்டைத் திறப்பதில்லை. அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுப் பின்கதவில் மாட்டியிருக்கிறேன். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் படிக்கட்டும்.